பேர் வெட்டிய டம்ளர்

ஆவி பறக்கும் பிரியாணியைக் குழி வெட்டிக் கொட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒக்கூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லைப் பக்கம். நூற்றைம்பது பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். நாலு ஆள் சேர்ந்து தேக்சாவை, அந்தப் பெரிய பிரியாணிப் பாத்திரத்தை, விறகால் நெம்பிக் கவிழ்த்தார்கள். மேலே மண்ணையும் தள்ளினார்கள். சோறு கெட்டுப்போகவில்லை. சமைத்தவரின் கையைப் பார்க்க அவர்களுக்கு அருவருப்பாக இருந்ததாம். தூ! எனக்கு அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

சமைத்தவர் மீரான் சாகிபு. என் அக்கா சைதுன் பீவியின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான். காரைக்குடிதான் ஊர். கல்யாணச் சமையல்காரரை எங்கள் சனம் பண்டாரி என்று சொல்லும். ஒரு காலத்தில் நிக்காஹுக்குத் தேதி குறிக்கிறவர்கள் மண்டபத்துக்கு முன்னால் இவருக்குத்தான் போன் போடுவார்கள், அன்றைக்கு மீரான் பண்டாரி சும்மா இருக்கிறாரா என்று. இருபத்தாறு வருஷம் அப்படி ஓடியது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தம் உடைத்து மூடியைத் திறந்ததும் முதல் பிடி சோற்றைத் தன் கையாலேயே அள்ளி, வீட்டுக்குப் பெரியவர் உள்ளங்கையில் வைப்பார். "உப்புப் பாருங்க" என்பார். அவர்கள் வாயில் போட்டுத் தலையாட்டின பிறகுதான் பந்திக்குச் சோறு போகும். எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கடைசிச் சட்டியும் கழுவப் போகும்போது, தேக்சா மூடியைத் திருப்பிப் போட்டு, அதில் சோற்றைக் கொட்டி, அடுப்பு பார்க்கிற காளிராஜும் அவருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காளிராஜ் நாச்சியாபுரத்து ஆள். இருபது வருஷமாக மச்சானோடு தீயில் வேகிறவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சானின் முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. மேலே வெள்ளிச் செதில். பிறகு தலையில், பிறகு கணுக்காலில், கடைசியாகக் கையில். விரல் மடக்கும் இடமெல்லாம் வெடித்தது. சோரியாசிஸ். நான் பதினெட்டு வருஷமாக நர்ஸ். பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. இது ஒட்டுகிற நோய் இல்லை. கிருமியே கிடையாது. உடம்பைக் காக்க வேண்டிய செல்கள் புத்தி கெட்டுப்போய் அந்த உடம்பையே பகையென்று நினைத்துச் செய்கிற வேலை. இதை நான் ஒருநாளைக்கு நாலு பேருக்குச் சொல்வேன். ஒட்டாதும்மா, ஒட்டாதுய்யா, தொடலாம், கூட உட்கார்ந்து சாப்பிடலாம். சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒக்கூரில் நடந்தது இதுதான். தம் உடைத்து, முதல் பிடியை நீட்டினார் மச்சான். அந்த வீட்டுப் பெரியவர் கையை நீட்டவில்லை. பின்னால் நின்ற ஒருவன் போனை எடுத்து, மச்சானின் கையைக் கிட்டத்தில் படம் பிடித்து, ஜமாஅத் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். "இந்தக் கையால ஆக்குனதத்தான் திங்கப் போறோம்" என்று ஒரு வரி வேறு. பத்து நிமிஷத்தில் மண்டபமே மூக்கைச் சுளித்தது. அதே மனிதர்கள்! பிள்ளைக்குப் பேர் வைக்க, சுன்னத்துக்கு, நிக்காஹுக்கு என்று இருபது வருஷமாக அந்தக் கையால் வாங்கித் தின்றவர்கள். ஒருத்தி என்னிடமே வந்து, வாய் கூசாமல், "ஏன்டி இஷ்ரத்து, உங்க அக்கா எப்படிடி அவரு கூடப் படுக்குறா?" என்று கேட்டாள். எச்சிலைக் கூட்டி வைத்திருந்தேன். துப்பியிருக்க வேண்டும். விழுங்கிவிட்டேன்.

அதோடு வேலை நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மச்சான் வீட்டில் உட்கார்ந்தார். உதிரும் செதில் தெரியுமே என்று கறுப்புச் சட்டை போடுவதை விட்டார். பஸ்ஸில் ஏறினால் நின்றுகொண்டே வருவார், பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாமே என்று. காளிராஜ் மட்டும் வாரம் ஒருதடவை சைக்கிளில் வருவார். ஒரு தட்டில் இருவரும் சாப்பிடுவார்கள். அக்கா தனித்தட்டு வைத்தால், "எதுக்குத்தா ரெண்டு தட்டு கழுவுற?" என்று ஒன்றைத் தள்ளிவிடுவார்.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். என் நிக்காஹுக்கு மச்சான் ஒரு எவர்சில்வர் டம்ளர் செட் கொடுத்தார், "மீரான் சாகிபு அன்பளிப்பு" என்று பேர் வெட்டி. மற்றதெல்லாம் போய் ஒன்று மிஞ்சியிருந்தது. கை இப்படி ஆனதிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் அதில்தான் டீ கொடுப்பேன். "உங்க பேரு வெட்டுன டம்ளரு மச்சான், அதான் உங்களுக்கே" என்பேன். அவரும் சிரித்தபடி வாங்கிக் குடிப்பார். அவர் போனதும் கழுவி மற்ற டம்ளரோடு சேர்க்காமல் மேல் அலமாரியில் தனியாகக் கவிழ்த்துவிடுவேன். ஏனென்று என்னை நானே கேட்டதில்லை. மரியாதை என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நாட்டு வைத்தியர். ஊர் பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஆளைத் தேடி இன்னும் நாலு பேர் போவீர்கள். பச்சைப் பொடி, தேனில் குழைத்து மூன்று வேளை. பத்தே நாளில் கை பளபளவென்று ஆகிவிட்டது. அக்கா போனில் சந்தோஷத்தில் அழுதாள். நான் போய்ப் பார்த்தேன். கை சரிதான், ஆனால் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறான், பாவி. அவனைப் பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துக் கட்ட!

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அந்தக் கருமத்தச் சாக்கடையில கொட்டுங்க மச்சான்" என்று கத்திவிட்டு வந்தேன். நர்ஸ் சொல்லக்கூடாத வார்த்தை. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் நோய் பல மடங்காகத் திரும்பும் என்று படித்தவள்தான் நான். கொழுந்தியாள் சொன்னாளே என்று அவர் அன்றைக்கே கொட்டிவிட்டார். எட்டாம் நாள் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சிவந்து, சீழ்ப்பொட்டு வைத்து, குளிர் நடுக்கத்தோடு கிடந்தவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படுக்கை விரிப்பை உதறினால் செதில் கைப்பிடி கைப்பிடியாக விழும். பக்கத்துக் கட்டில்காரர்கள் இடம் மாற்றிக் கேட்டார்கள். அவர்களையும் திட்டினேன், அந்த வைத்தியனையும் திட்டினேன். என்னைத் திட்ட ஆள் இல்லை.

பிழைத்து வந்தார். ஆனால் இப்போது விரல் மூட்டுகளும் வீங்கிக்கொண்டன. கரண்டியை மடக்கிப் பிடிக்க முடியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் கேட்டது, முழுசாகக் கேட்கவில்லை. மதுரை டாக்டர் விசாலி ஊசி மருந்து ஒன்று சொன்னார். மச்சான், "பாப்போம், பாப்போம்" என்று இழுத்தார்.

அந்த நேரத்தில்தான் அக்கா மகள் ஃபாயிஸாவுக்கு இடம் வந்தது. புதுவயலில் ரைஸ் மில் வைத்திருக்கும் வாஹித் ஹாஜியாரின் மகன் அன்வர் சாதிக். ஷார்ஜாவில் வேலை. ஃபாயிஸாவும் அவனும் காலேஜில் பழக்கம். அவனே வீட்டில் சொல்லிப் பெண் கேட்க வைத்தான்.

ஹாஜியார் வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். நாற்காலியில் தன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த டீயைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். சஹன்ல மட்டும் நீங்க உக்கார வேணாம். உங்க சொந்தத்துல வேற யாராச்சும் உக்காரட்டும். தப்பா எடுத்துக்கிறாதீக. நாலு பேரு பாப்பாக."

சஹன் என்றால் பெரிய வட்டத் தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. எங்கள் சொந்தத்தில் நிக்காஹ் முடிந்ததும் முதல் சஹனில் பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தகப்பனும் சேர்ந்து உட்கார வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் உட்காராத தகப்பன் செத்துப்போனவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிப்போனவனாக இருக்க வேண்டும்.

மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "அதுக்கென்ன ஹாஜியார், அன்னைக்கு எனக்கு அடுப்படியிலதான் வேலை கெடக்கும்" என்றார், சிரித்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் ஃபாயிஸா உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"அத்தா உக்காராத சஹன வச்சு எனக்கு நிக்காஹ் வேணாம் மாமா. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

ஹாஜியார் முகம் சுண்டிப்போயிற்று. கைக்குட்டையை எடுக்காமலே எழுந்து போனார். பிறகு பையன் ஷார்ஜாவிலிருந்து போன் போட்டு என்ன சண்டை பிடித்தானோ, நாலு நாள் கழித்து ஹாஜியாரிடமிருந்து தகவல் வந்தது. கல்யாணத்தை ஐந்து மாதம் தள்ளி வைக்கலாம். அதற்குள் கை சரியாகிவிட்டால் அவரே சஹனில் உட்காரட்டும். இல்லையென்றால் ஃபாயிஸா சொன்னபடியே இந்தச் சம்மந்தத்தை விட்டுவிடலாம். அக்கா அந்தக் கைக்குட்டையை அடுப்பில் போட்டாள்.

ஊசி வேண்டாமென்று இழுத்தவர் மறுநாளே மதுரை பஸ்ஸில் ஏறினார். நானும் போனேன். டாக்டர் விசாலி நிதானமானவர். மச்சானின் தொழில் அவருக்குத் தெரியும்.

"பந்தியில சோறு தீந்துபோச்சுன்னு ஒருத்தன் உள்ள பாத்துக் கத்துனா என்ன செய்வீங்க?"

"அடுத்த தேக்சாவ எறக்குவோம்."

"தீராமலே ஒருத்தன் தீந்துபோச்சு, தீந்துபோச்சுன்னு கத்திக்கிட்டே இருந்தா?"

"சோறு குமிஞ்சு போகும். அவனத் தூக்கி வெளிய போடணும்."

"அதுதான் உங்க தோல்ல நடக்குது. உடம்பைக் காவல் காக்குற செல்லுங்க, காயமே இல்லாம காயம் காயம்னு கூப்பாடு போடுதுங்க. அந்தக் கூப்பாடு ஒரு ரசாயனம். தோல் செல்லு மேல, மூட்டுல, மத்த செல்லு மேல அதைக் கேக்கறதுக்குன்னே காது மாதிரி ஒண்ணு இருக்கு. ஏற்பின்னு பேரு. ஏற்பியில போய் ஒட்டினதும் தோல் அவசரப்படுது. ஒரு மாசத்துல வளரவேண்டியது நாலஞ்சு நாள்ல வளருது. அதான் செதில். மூட்டுல போய் ஒட்டினா வீக்கம்."

"அப்ப அந்தக் காத அறுத்துருவோம் டாக்டரம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். "அறுக்க வேண்டாம். இந்த ஊசியில இருக்கறது அந்த ஏற்பி மாதிரியே செஞ்ச பொய்க் காது. ரத்தத்துல சுத்திக்கிட்டு, கூப்பாட்டை வழியிலயே வாங்கிக்கும். தோலுக்குக் கேக்காது."

"கத்துறவன்?"

"அவன் கத்திக்கிட்டுத்தான் இருப்பான். ஊசியை விட்டா மறுபடி கேக்கும். இது அடங்கற நோய்தான், ஒழியற நோய் இல்லை. இன்னொண்ணு, காசநோய்க் கிருமி மாதிரி நெசப் பகை வந்தா அந்தக் கூப்பாடு வேணும். அதனால முதல்ல உங்களுக்குக் காசநோய் ஒளிஞ்சு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஊசி. காய்ச்சல், இருமல்னா ஒடனே வரணும்."

மச்சான் தன் கையைப் பார்த்தார். "ஊரு கத்துறதுக்கு இந்த மாதிரி ஊசி ஒண்ணும் இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டார். டாக்டர் மருந்துச் சீட்டில் தேதியை எழுதினார்.

பரிசோதனையில் காசநோய் இல்லை. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஊசி. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் பழசு. என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன், பாலுக்குப் பக்கத்தில். மாலையில் வருவார். சட்டைக் கையைச் சுருட்டிக் கையின் மேல்பக்கத்தைக் காட்டுவார். போடுவேன். பிறகு டீ, அவர் பேர் வெட்டிய டம்ளரில்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அக்கா தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. ஃபாயிஸா நாள்காட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். இரண்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை மச்சான் கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். முழுசாக மடங்கியது. மூன்றாம் மாதம் செதில் உதிர்வது குறைந்தது. நாலு மாதம் முடியும்போது உள்ளங்கை வெறும் கையாக இருந்தது, இருபத்தாறு வருஷம் தீயில் காய்ந்த சாதாரணக் கை. முழங்கையில் மட்டும் ஒரு மங்கல். எல்லாருக்கும் இப்படிக் கேட்பதில்லை. இவருக்குக் கேட்டது.

நிக்காஹ் காரைக்குடி மண்டபத்தில். மச்சானே சமைத்தார். தம் உடைத்து முதல் பிடியை யார் கையிலும் வைக்கவில்லை. தானே வாயில் போட்டுப் பார்த்து, மூடிவிட்டார்.

சஹன் விரித்தார்கள். ஹாஜியார் வந்தார். எல்லார் முன்னிலையிலும் மச்சானின் வலது கையைப் பிடித்தார். உள்ளங்கையை மேலே திருப்பினார். புறங்கையைத் திருப்பினார். விரலை விலக்கி இடுக்கில் பார்த்தார். மில்லில் நெல் சாம்பிளைப் பார்ப்பாரே, அதே மாதிரி. பிறகு, "மாஷா அல்லாஹ், சுத்தமாயிருச்சே! வாங்க சம்மந்தி, உக்காருவோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் பல்லை இளித்தார்கள். ஒக்கூரில் கையை நீட்டாத அந்தப் பெரியவரும் நின்று இளித்தார். பெண்கள் பக்கத்துத் திரையோரம் நின்று இதை நான் பார்த்தேன். அறுத்த ஆட்டைக்கூட எங்கள் மச்சான் அப்படிப் புரட்டிப் பார்த்ததில்லை.

மச்சான் உட்கார்ந்தார். மகளுக்காக உட்கார்ந்தார். ஹாஜியாரின் தம்பி மூன்றாவது ஆளாக உட்கார்ந்தார். நாலாவது இடம் பெண் வீட்டாருடையது. அங்கே உட்கார என் வீட்டுக்காரர் உள்பட மூன்று பேர் முண்டினார்கள்.

மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். "காளிராஜு! கையக் கழுவிட்டு இங்குட்டு வா."

அடுப்படியிலிருந்து காளிராஜ் எட்டிப் பார்த்தார். தலையில் சாம்பல், பனியன் முழுக்கக் கரி. "நா எதுக்குண்ணே, நெறஞ்ச சபையில…" என்று இழுத்தார்.

"வாப்பா. சோறு ஆறுது."

காளிராஜ் வந்து உட்கார்ந்தார். கழுவியும் போகாத கரி நகக்கண்ணில் நின்றது. ஹாஜியார் அந்தக் கையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அன்வர் சாதிக் நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிஸ்மில்லாஹ்" என்று மச்சான் கறியைப் பிய்த்து முதலில் காளிராஜ் பக்கம் வைத்தார், அடுத்து சம்மந்தி பக்கம். ஹாஜியார் சாப்பிட்டார். சாப்பிடாமல் என்ன செய்வார்?

சாயங்காலம் சீர்ப் பாத்திரங்களைப் புதுவயலுக்கு வேனில் ஏற்றினார்கள். நான்தான் கணக்குப் பார்த்து அடுக்கினேன். ஒன்றிலும் பேர் வெட்டவில்லை. தாம்பாளம், குடம், டம்ளர், ஒன்றிலும் இல்லை. பேர் வெட்டாத சீர் எங்கள் வீடுகளில் போனதே கிடையாது.

"என்ன மச்சான், பேரு வெட்ட மறந்துட்டீகளா?"

"மறக்கலம்மா." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். "பேரு வெட்டுனா, ஒண்ண மட்டும் தனியா எடுத்து வைக்க லேசாப் போயிருது."

குரலில் ஒரு குத்தலும் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். "வியாழக்கெழம ஊசி. மருந்து இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த கயிற்றுக்குப் போனார். மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது அந்த மனிதருக்கு. ஒவ்வொரு டீயையும் தெரிந்தே குடித்திருக்கிறார்.

அன்று வீட்டுக்குப் போனதும் மேல் அலமாரியிலிருந்து அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து கவிழ்த்தேன். ஊரையெல்லாம் காறித் துப்பிய வாய் எனக்கு. என்னைத் துப்ப எச்சில் வரவில்லை.

வியாழக்கிழமை வந்தார். கைக்குக் கிடைத்த இரண்டு டம்ளரை எடுத்து டீ ஊற்றிக் கொண்டுவந்தேன். பார்க்காமல்தான் எடுத்தேன், சத்தியமாக. அவருக்கு ஏதோ ஒரு டம்ளர். என் கையில் இருந்ததைத் திருப்பினால், "மீரான் சாகிபு அன்பளிப்பு."

எனக்கு எல்லாம் தெரியும். கிருமி இல்லை, ஒட்டாது, ஏற்பி, பொய்க் காது, எல்லாம் தெரியும். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு நொடி கை நின்றுவிட்டது.

அவர் பார்த்துவிட்டார். பார்க்காதவர்போலத் தன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி என் பக்கம் நீட்டினார், ஊசி போட.